கத்திரி சாரும் உடைந்த நாற்காலிகளும்

எங்கள் காப்பகத்துக்குள் அவர் முதன்முதலாகக் காலடி எடுத்து வைத்ததும் செய்த வேலை, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தியதுதான். கீழே பாய்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்து அப்போதுதான் கண்ணயர வைத்திருந்தேன். காற்று நின்றதும் ஒன்று சிணுங்கியது. அதைக் கேட்டு இன்னொன்று எழுந்தது. அப்புறம் சொல்ல வேண்டுமா, அறையே இரண்டுபட்டது.

"ஆள் இல்லாத ரூம்னு நினைச்சிட்டேன்மா," என்றார்.

"இவங்கல்லாம் ஆள் இல்லையா? சின்னதா இருந்தா கணக்குல வராதா?" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் பட்டதும் உண்டு, பிழைத்ததும் உண்டு. அன்று எதிரே நிற்பவர் யார் என்பது பாதிப் பேச்சில்தான் உறைத்தது. வெளுத்துப்போன சட்டை, சட்டைப் பையில் விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில், ஒரு பக்கம் அச்சடித்த தாள்களை மடித்து மறுபக்கத்தில் எழுதும் பழக்கம். நகராட்சி வரவுசெலவுப் பிரிவின் இரண்டாம் அதிகாரி. அலுவலகம் முழுக்க அவரைக் கத்திரி சார் என்றுதான் கூப்பிடும். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்திரி. அவர் ஒரு பிரிவுக்குள் நுழைந்தால் அங்கே ஏதோ ஒன்று வெட்டுப்படப் போகிறது என்று அர்த்தம்.

காப்பகம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். குடிநீர்ப் பிரிவுக்குப் பின்னால், குழாய்களை அடுக்கி வைக்கும் முற்றத்தைத் தாண்டி இரண்டு அறைகள். தெரு கூட்டுகிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள், நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுக்கிறவர்கள் என்று, விடியும் முன்பே வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளை நானும் என்னோடு இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொண்டோம். இது இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான். மீதிப் பாதி, பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காப்பகம் வருவதற்கு முன் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. "இந்த வருஷம் பட்ஜெட்ல பெரிய பள்ளம்மா. எல்லாப் பிரிவுலயும் குறைக்கச் சொல்லிட்டாங்க. காப்பகம் கட்டாயச் செலவுல வராது. அதனால பட்டியல்ல இருக்கு."

"பட்டியல்ல போட்டாச்சுன்னா அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?"

"பாக்காம எதையும் வெட்ட மாட்டேன்."

இதை மட்டும் அப்போதே ஒப்புக்கொண்டேன். மற்ற அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு கோடு போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதை நிறுத்தப் போகிறாரோ, அந்த இடத்தில் ஒரு முழு நாள் போய் உட்காருவார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், என்ன நடக்கிறது என்று வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் வெட்டுவார். வெட்டு வாங்கியவர்கள்கூட, மனுஷன் வந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டினான் என்று சொல்லித் தேற்றிக்கொள்வார்கள்.

ஆக, எங்கள் அறையிலும் உட்கார வந்திருந்தார். உட்காரத்தான் எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். மறுபேச்சு பேசாமல் அதில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "ஏம்மா, ஒரு நாற்காலிகூட இல்லையா இங்க?"

"இருந்துச்சு சார். கால் உடைஞ்சுது. கிடங்குக்கு அனுப்பிட்டேன். புதுசு கேட்டா, பழசைக் கழிச்சுக்கட்டினாத்தான் புதுசு தருவோம்னு சொல்லிட்டாங்க."

"சரி, கழிச்சுக்கட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"அது அவங்களால முடியாதாம். ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

அவருக்கு முகம் சுருங்கியது. பணம் வீணாவதைக்கூடச் சில சமயம் பொறுத்துக்கொள்வார், காரணமில்லாத வேலையை மட்டும் பொறுக்க மாட்டார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். "நாளைக்கு வாங்க, நானே வாங்கித் தரேன்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பகத்தையே மூட வந்த மனுஷன், அதற்கு ஒரு நாற்காலி வாங்கித் தருகிறாராம்.

மறுநாள் கூட இருக்கும் பெண்ணிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். நகராட்சி வண்டியில் ஏற மாட்டார், கால் இருக்கும்போது டீசல் எதற்கு என்பார். போகிற வழியில்தான் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், அம்மா வீடு வீடாகத் துணி இஸ்திரி போட்டு வளர்த்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் மேலே படிக்க வழியில்லாமல் நின்றபோது நகராட்சி உதவித்தொகை கொடுத்தது. "இந்த ஊர்க் காசுல படிச்சவன்மா நான். யாரோ ஒருத்தர் குடிதண்ணிக்குக் கட்டின வரியிலதான் எனக்குப் புத்தகம் வந்துச்சு. அந்தக் காசை எவனாவது வீணாக்கினா எனக்கு வயிறு எரியுது," என்றார். அதுவரை அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிடங்கு ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்ளும் கிடங்கு அண்ணன் பூட்டைத் திறந்தார். கால் போன நாற்காலி, கை போன நாற்காலி, முதுகு கிழிந்த நாற்காலி, கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஓடாத மின்விசிறி, கதவில்லாத பீரோ, எழுத்துத் தேய்ந்த தட்டச்சு இயந்திரம் எல்லாம் உண்டு. எங்கள் நாற்காலி வாசல் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தது.

"இது ஒரு கொட்டகைதான் சார். பக்கத்துல இன்னும் மூணு இருக்கு," என்றார் கிடங்கு அண்ணன்.

"மூணா? எல்லாம் நம்ம இடமா?"

"வாடகை. காவலுக்கு ஆள், விளக்கு, கரையான் மருந்து, தீ விபத்துக் காப்பீடு, எல்லாம் உண்டு. உடைஞ்ச நாற்காலியா இருந்தாலும் அரசாங்கச் சொத்து இல்லையா. தொலைஞ்சா என் தலைதான் உருளும்."

"இதை ஏலம் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? இந்த வாடகை எந்தக் கணக்குல போகுது? என் கண்ணுல பட்டதே இல்லையே?"

"ஒவ்வொரு பிரிவும் அவங்கவங்க பங்கை இதரச் செலவுல கட்டிடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா போறதால யாருக்கும் தெரியாது." அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "ஏலம் விடணும்னா, பொருள் உடைஞ்சுபோச்சுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும் சார். பழுதுப்பொருள் அலுவலர். அவர் மட்டும்தான் போடலாம்னு விதி."

"அவர் எங்க?"

கிடங்கு அண்ணன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அந்தப் பதவிதான் சார்... நீங்க ஒழிச்சது."

கத்திரி சார் அப்படியே நின்றார். எனக்கு விஷயம் தெரியாது. திரும்பி வரும் வழியில் அவராகத்தான் சொன்னார், அதுவும் பாதித் தூரம் வந்த பிறகு. பல வருடங்களுக்கு முன், பழுதுப்பொருள் அலுவலர் என்று ஒருவர் இருந்தார். பிரிவு பிரிவாகப் போய், உடைந்த சாமான்களைப் பார்த்து, இது உடைந்ததுதான் என்று கையெழுத்துப் போடுவது மட்டுமே அவர் வேலை. அவர் ஓய்வு பெற்றதும் இந்தப் பதவி தேவையா என்று கேள்வி வந்தது. அப்போது இளம் அதிகாரியாக இருந்த இவர் நகரமன்றத்தில் எழுந்து, உடைந்ததை உடைந்தது என்று சொல்ல ஒரு சம்பளமா என்று கேட்டிருக்கிறார். மன்றமே கைதட்டிச் சிரித்திருக்கிறது. பதவி ஒழிந்தது. இவருக்குப் பாராட்டுக் கேடயம் கிடைத்தது. கத்திரி என்ற பெயரும் அன்றைக்குத்தான் வந்ததாம்.

"ஆனா அந்த ஆளு என்ன செய்யிறார்னு, உங்க வழக்கப்படி ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பாத்தீங்களா சார்?" என்றேன். வாய் நீளம் என்று முன்பே சொன்னேன்.

"இல்லம்மா. அதுதான் நான் பாக்காம வெட்டின ஒரே வெட்டு. அதுக்கப்புறம்தான் பாக்கற பழக்கம் வந்துச்சு. அந்த வெட்டு இப்படி ஆகும்னு தெரிஞ்சு வந்த பழக்கமில்ல, சும்மா வந்துச்சு," என்றார்.

அடுத்த சில நாட்கள் அவர் கொட்டகைகளுக்கும் பிரிவுகளுக்கும் அலைந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பதிவேட்டின்படி நகராட்சிக்கு ஊரையே உட்கார வைக்கும் அளவுக்கு நாற்காலி இருந்தது. இருப்பு இருப்பதால் புதிது வாங்க அனுமதி இல்லை. ஆனால் உட்கார நாற்காலி வேண்டுமே. அதனால் ஒவ்வொரு பிரிவும் பந்தல் சாமான் கடையிலிருந்து நாற்காலியை வாடகைக்கு எடுத்து, வருடக்கணக்கில் வைத்திருந்தது. உடைந்த நாற்காலிக்கு வாடகை, உடையாத நாற்காலிக்கும் வாடகை. எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் காப்பகத்தைப் போல மூன்றை நடத்தலாம்.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப எங்களை மூட வேண்டாம் இல்ல சார்?" என்றேன்.

அவர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். தலைமைக் கணக்கு அதிகாரி அந்த வருடம் ஓய்வு பெறவிருந்தார். அந்த இருக்கை கத்திரி சாருக்குத்தான் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. துப்புரவு செய்கிறவர்கள்கூட அவருக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில், நான் பெயர் எடுத்த வெட்டே இந்த ஊருக்குப் பெரிய நஷ்டம் என்று அவரே போய்ச் சொன்னால் அந்த இருக்கையை யார் தருவார்கள்? சொல்லாமல் விட்டால் காப்பகம் போகும். முதலில் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. வீட்டுக்குப் போய் யோசித்தபோது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெயரை யார் கேட்டால் நான் கொடுப்பேன் என்று தோன்றியது. அப்புறம் எரிச்சல் இல்லை, பயம்தான் இருந்தது.

அவர் எப்படி முடிவெடுத்தார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அந்த அக்கா பேருந்து நிலையத்தில் முன்பதிவுச் சன்னலில் வேலை பார்த்தவர். கலகலப்பானவர். ஊர்ப் பணத்துக்குத்தான் இவர் காவல், எங்க வீட்டுச் சாவி என் இடுப்புல என்பார். சாப்பிடும்போது இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். என்ன ஏது என்று கேட்டு, முழுக்கக் கேட்டுக்கொண்டு அந்த அக்கா சொன்னது இது: "இவ்வளவு காலமும் அடுத்தவங்க செலவுலயே மிச்சம் பிடிச்சீங்க. ஒரு தடவை உங்க செலவுல பிடிங்களேன்."

அவர் சாப்பிட்டுக் கை கழுவினாராம். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டை கேட்டாராம். அதில்தான் அக்காவுக்குப் புரிந்ததாம்.

நிதிக்குழுக் கூட்டத்துக்குப் பாதிக்கப்படுகிறவர்களும் வந்து பின்வரிசையில் உட்காரலாம். நானும் தாய்மார்களில் சிலரும் போனோம். வேலைச் சீருடையோடு வந்தவர்களைப் பார்த்து வாசல் காவலாளி கொஞ்சம் முறைத்தார், நானும் திருப்பி முறைத்தேன். குழுத்தலைவி ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்கொண்டு வந்தார். காப்பகம் வந்தது. பக்கத்தில் இருந்த தாய் என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கத்திரி சார் எழுந்தார். "பட்டியல்லேர்ந்து இந்த வரியை எடுத்துடச் சொல்லிக் கேட்டுக்கறேன். இதைவிடப் பெரிய மிச்சம் வேற இடத்துல இருக்கு," என்று தொடங்கி, கொட்டகைகளைப் பற்றிச் சொன்னார். உறுப்பினர் ஒருவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வாடகை நாற்காலியா? எங்க சார் இருக்கு அது?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கிறதே அதுதான் சார். அடியில பாத்தீங்கன்னா பந்தல்காரர் பேர் இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பின்வரிசையில் நாங்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டோம். பிறகு ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "அந்தப் பதவியை ஒழிச்ச புண்ணியவான் யாரு?"

"நான்தான் சார்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அப்போ நாங்க கேடயம் குடுத்தது எதுக்கு? நீங்க பண்ணினது சிக்கனம் இல்லையா?" என்றார் அவர்.

"இல்ல சார். நான் பண்ணினது செலவு."

குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். கொஞ்சம் இரக்கத்தோடுதான் கேட்டார். "கிடங்கு வாடகைக் குறைப்புன்னு ஒரு வரி எழுதியிருந்தா நாங்க கேள்வியே கேட்டிருக்க மாட்டோமே. எதுக்கு இதெல்லாம்?"

"வாடகையை நிறுத்தினா அந்தச் சாமானெல்லாம் எங்கம்மா போகும்? அதைத் தூக்கிப் போட ஒரு கையெழுத்து வேணும். அந்தக் கையெழுத்தை இல்லாமப் பண்ணினது நான். அதைச் சொல்லாம அதைத் திரும்பக் கேக்க எனக்கு வாய் வரல."

காப்பகம் பட்டியலிலிருந்து நீங்கியது. முழங்கையைப் பிடித்திருந்தவள் அழுதாள், எனக்கும் கண் நிறைந்தது. தலையை நிமிர்த்தி அவரைத் தேடினேன். அவர் அடுத்த தலைப்புக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

தலைமை இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் கூலியா என்று பார்த்தவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினேன். பழுதுப்பொருள் அலுவலர் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் தனி ஆள் போடவில்லை. ஒழித்தவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு உறுப்பினர் கிண்டலாகச் சொன்னது அப்படியே உத்தரவாகி, கூடுதல் பொறுப்பு என்று அவர் தலையிலேயே விழுந்தது. கூடுதல் சம்பளம் கிடையாது. "அதுவும் ஒரு மிச்சம்தானேம்மா," என்றார் என்னிடம். மிச்ச வேலைக்காலம் முழுக்க, ஓய்ந்த நேரத்தில் பிரிவு பிரிவாகப் போய், உடைந்ததைத் திருப்பிப் பார்த்து, உடைந்ததுதான் என்று கையெழுத்துப் போட்டார். கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கிடங்கு அண்ணனுக்கு வேலை குறைந்து உடம்பு போட்டுவிட்டது.

நன்றி சொல்ல ஒருமுறை அவர் அறைக்குப் போனேன். கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். "உங்க நாற்காலி உடையலைன்னா நான் மூடியிருப்பேன்மா. அதை மறந்துடாதீங்க," என்றார். பொய் சொல்லத் தெரியாதவரிடம் நன்றி சொல்வதும் கஷ்டம்தான். திரும்பி வந்துவிட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று மன்றக் கூடத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். வைத்த நேரம், தாய்மார்கள் வேலை முடிந்து பிள்ளைகளை எடுக்க வரும் நேரம். கூட இருக்கும் பெண்ணும் அன்று விடுப்பு. என்னால் நகர முடியவில்லை. இவ்வளவு செய்த மனுஷனுக்குக் கை தட்டக்கூடப் போக முடியவில்லையே என்று புழுங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. கையில் ஒரு பரிசுப் பையோடு அவர் நின்றார்.

"நீங்க வர முடியாதுன்னு தெரியும். அதான் நான் வந்தேன்," என்றார்.

என்ன சொல்வதென்று நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வீறிட்டன. ஒன்றைத் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினேன். பையைக் கீழே போட்டுவிட்டு வாங்கினார். பிள்ளையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டி, ஆடாமல் அசையாமல் நின்றார். அது அழுகையை விட்டுவிட்டு அவர் மூக்கையே பார்த்தது.

அந்தப் பிள்ளையின் தாய் அப்போதுதான் வந்தாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், தெரு கூட்டும் பிரிவு. பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "ஐயா, என்ன இது, பிள்ளையை இப்படியா பிடிப்பாங்க? நெஞ்சோட சாய்ச்சுப் பிடிங்க. குடுங்க இப்படி," என்று கையை நீட்டினாள்.

அவர் எனக்குக் கண்ணால் சாடை காட்டினார், ஒன்றும் சொல்லாதே என்று. நான் எப்போது அடுத்தவர் சொல்லி வாயை மூடியிருக்கிறேன்? "இந்த இடத்தை மூடிடப் போனாங்கடி ஒரு காலத்துல. மூட விடாம, தனக்கு வரவேண்டிய பதவி போனாலும் பரவாயில்லைன்னு நின்னவர் இவர்தான். இவர் இல்லைன்னா நீ இன்னைக்கு வேலையில இல்ல," என்றேன்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாழ்த்தவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நாள் முழுக்கக் குப்பை அள்ளிய தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவர் நெஞ்சோடு சரியாகச் சாய்த்து வைத்துவிட்டு, "அப்ப இன்னும் கொஞ்ச நேரம் நீங்களே வச்சிருங்கய்யா. நான் நிதானமா கை கழுவிட்டு வரேன்," என்று குழாயடிக்குப் போனாள்.